கரண்ட் போன நாளில் மீன் தொட்டி

"இரண்டடித் தொட்டி. ஏழு கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர் மீன். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் ஒரு ஃபைட்டர் மீன். புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. முதல் ராத்திரியே ஒரு கோல்டு ஃபிஷ் போய்விட்டது. மற்றவை எப்படியோ தாக்குப்பிடித்தன. ஆனால் கரண்ட் வந்து ஃபில்டர் ஓட ஆரம்பித்த அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு செத்து மிதந்தன. ஃபைட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. எங்கே தப்பு நடந்தது? அடுத்த முறை என்ன செய்யலாம்?" சென்னையிலிருந்து நீங்கள் கேட்டது இதுதான்.

முதல் ராத்திரி போன மீனும், கரண்ட் வந்த பிறகு போன இரண்டும் ஒரே காரணத்தால் சாகவில்லை. முதலாவது மூச்சுமுட்டிச் செத்தது. மற்ற இரண்டும், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஃபில்டருக்குள் தேங்கிக் கெட்ட தண்ணீராலும், மீன்கள் வெளியேற்றிய அம்மோனியாவாலும் செத்தவை. இந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றி மீன் வளர்ப்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. கரண்ட் வந்ததும் "அப்பாடா" என்று உட்கார்ந்துவிடுகிறோம். எத்தனையோ தொட்டிகள் காலியாவது அதற்குப் பிறகுதான்.

முதலில் மூச்சுக் கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்து வைக்கும். 20 டிகிரியில் அது ஒன்பதைத் தொடும். நம் ஊரில் தண்ணீர் சூடு. கையிருப்பு ஆரம்பத்திலேயே குறைவு. உங்கள் இரண்டடித் தொட்டியில், கல்லும் மணலும் போக 50 லிட்டர் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்த ஆக்சிஜன் 375 மில்லிகிராம். சூடான தண்ணீரில் ஒரு கிலோ எடையுள்ள மீன்கள் மணிக்கு 200, 300 மில்லிகிராம் இழுக்கும். உங்கள் ஏழு கோல்டு ஃபிஷ்ஷும் சேர்ந்து 200 கிராம் இருந்தால் மணிக்கு 50 மில்லிகிராம். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் மீன் திணற ஆரம்பிக்கும். ஆக, ஐந்தாறு மணி நேரம். அடியில் படிந்த கழிவில் வாழும் கிருமிகளும் அதே ஆக்சிஜனைத்தான் எடுக்கின்றன. அழுக்குத் தொட்டியில் இந்த நேரம் இன்னும் சுருங்கும். அசையாத மேல்மட்டம் வழியாகவும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் மற்ற ஆறும் விடியும்வரை பிழைத்தன. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் சாயங்காலம் போன கரண்ட்டுக்கு நடுராத்திரியில் ஏன் மீன் சாகிறது என்பது இதில் தெரிந்துவிடும்.

ஃபைட்டர் பிழைத்ததில் அதிசயம் இல்லை. நம் குளத்துப் பனையேறிக் கெண்டையும் விராலும் சேற்றில் கிடந்தாலும் மூச்சு விடுவதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைக்க அவற்றுக்குத் தனி உறுப்பு உண்டு. ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் அப்படித்தான். அவை மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கும். ஜாடி மூடியை இறுக்கி மூடாமல் இருந்தாலே போதும். சக்கரும் அவசரத்தில் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கப்பி, மோலிக்கு வாய் மேல்நோக்கி இருப்பதால், ஆக்சிஜன் அதிகம் உள்ள மேல்படலத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கொஞ்ச நேரம் ஓட்டும். முதலில் விழுவது உடம்பு பெருத்த மீன்கள்: பெரிய கோல்டு ஃபிஷ், கோய், ஃப்ளவர்ஹார்ன். பனி உறைந்த குளத்தடியில் ஆக்சிஜனே இல்லாமல் தங்கமீன் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், உடம்பில் சேரும் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். ஆனால் அந்த வித்தை பலிப்பது குளிர்ந்த நீரில், உடம்பின் வேகம் அடங்கிக் கிடக்கும்போது. 30 டிகிரியில் அதை நம்ப முடியாது.

இனி கரண்ட் போன முதல் ஒரு மணி நேரம். சாப்பாடு போடாதீர்கள். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும். தின்ற மீன்தான் அதிக ஆக்சிஜன் இழுக்கும், அதிகக் கழிவும் போடும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் முந்தின நாளே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. மேல்மூடியை எடுத்துவிடுங்கள், துள்ளும் மீன் இருந்தால் வலை போட்டு மூடுங்கள். ஃபில்டர், ஹீட்டர், லைட் எல்லாவற்றின் பிளக்கையும் கையோடு பிடுங்கிவிடுங்கள். ஹீட்டரை ஏன் என்றால், இடையில் தண்ணீரை இறக்கியிருப்பீர்கள், கரண்ட் திடீரென வந்தால் வெளியே தெரியும் கண்ணாடிக் குழாய் சூடேறி வெடிக்கும். ஃபில்டரை ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஏர் பம்ப் தொட்டியின் மட்டத்துக்குக் கீழே இருந்தால், பம்ப் நின்றதும் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கித் தரையெல்லாம் கொட்டும். பம்ப்பை மேலே தூக்கி வையுங்கள், அல்லது தண்ணீரைப் பின்னோக்கி வரவிடாத 'நான்-ரிட்டர்ன்' வால்வு ஒன்றை டியூபில் போட்டு வையுங்கள். செடி வளர்க்க கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கையால் மூட வேண்டும். கரண்ட் போனதும் தானே மூடிக்கொள்ளும் மின்வால்வு இல்லாத அமைப்பில் கரண்ட் போனாலும் வாயு போய்க்கொண்டே இருக்கும். செடி நிறைந்த தொட்டி பகலில் பத்திரம். இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுக்கும் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது காற்று. ஏர் பம்ப் டியூபின் நுனியில் போடும் ஏர் ஸ்டோனிலிருந்து வரும் குமிழிதான் தண்ணீரில் கரைகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குமிழியின் முக்கிய வேலை வேறு: அடித்தண்ணீரை மேலே தூக்கி வருவது, மேல்மட்டத்தைக் குலுக்குவது. அங்கேதான் காற்றும் தண்ணீரும் கைமாறுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் கையில் ஒரு மக் இருந்தாலே வேலை நடக்கும். அரை லிட்டர் மக்கில் மொண்டு, ஓர் அடி உயரத்திலிருந்து தொட்டிக்குள் ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம். மீன் குறைவான தொட்டி என்றால் மணிக்கு ஒரு தடவை போதும். எப்போதும் அடியிலிருந்து மொள்ளுங்கள், ஆனால் கழிவைக் கிளறாமல். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கும், மீன்கள் ஃபில்டர் இருந்த மூலையில் கூடும்.

ராத்திரி முழுக்க ஒருவரே மக்கோடு உட்கார முடியாது. வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள். முறை போட ஆள் இல்லாவிட்டால் நான் செய்வது இது. காலியான 20 லிட்டர் தண்ணீர் கேனில் தொட்டித் தண்ணீரையே பதினைந்து லிட்டர் பிடித்து, தொட்டியைவிட உயரமான அலமாரியில் வைப்பேன். ஏர் டியூபை அதில் விட்டு, வாயால் உறிஞ்சித் தொடங்கி, தொட்டிக்கு மேலே ஓர் அடியில் தொங்கவிடுவேன். டியூபின் நுனியில் ஒரு சின்ன வால்வு. மெல்லிய தாரையாக மூன்று நான்கு மணி நேரம் விழும். மெடிக்கலில் கிடைக்கும் சலைன் டியூபில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருக்கும், அதுவும் சரிவரும். சொட்டு மெதுவாக விழுவதால் இரண்டு டியூப் போடவேண்டும். அலாரம் வைத்து எழுந்து, மறுபடி கேனை நிரப்பிவிட்டுப் படுக்கலாம். டார்ச்சை நேராக மீன் மேல் அடிக்காதீர்கள். இருட்டில் தூங்கும் மீன் மிரண்டு ஓடினால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அதிலேயே செலவழிக்கும்.

தொட்டியில் கூட்டம் அதிகம் என்றால் கூட்டத்தைக் குறைப்பதைவிட நல்ல மருந்து இல்லை. சோப்பு படாத அகலமான டப் ஒன்றில் தொட்டித் தண்ணீரையே விட்டு, மூன்று நான்கு மீனை மாற்றுங்கள். ஆழம் குறைந்து அகலம் கூடினால் மேல்மட்டம் பெரிதாகும், தானாகவே கரையும் காற்றும் கூடும். மீன் வாங்கும்போது அழகுக்காக உயரமான, குறுகலான தொட்டியை நாம் விரும்புகிறோம். கரண்ட் இல்லாத நாளில் அந்த வடிவம்தான் முதலில் காலை வாரும். மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் ஆக்சிஜன் வரும் என்று ஒரு யோசனை சுற்றி வருகிறது. வரும், ஆனால் பாட்டில்கள் வெவ்வேறு வலிமையில் விற்கப்படுகின்றன. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அளவு தப்பினால் செவுள் வெந்துவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவி என்று பார்த்தால், யூஎஸ்பியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தே தீரவேண்டும் என்பேன். ஒன்றரை வாட் எடுக்கும் பம்ப் 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க்கில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் சில பவர் பேங்க்குகள் ஃபோன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். உள்ளே பேட்டரி வைத்து, கரண்ட் போனதும் தானே ஓட ஆரம்பிக்கும் பம்ப்புகளும் கடைகளில் உண்டு. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது கரண்ட் போனால் அதுதான் காப்பாற்றும். மக்கும் கேனும் ஆள் வீட்டில் இருந்தால்தான்.

வீட்டு இன்வெர்ட்டரிலும் ஏர் பம்ப்பை ஓட்டலாம். ஒரு பழைய சீலிங் ஃபேன் 75 வாட் தின்னும். ஒரு சாதாரண ஏர் பம்ப்புக்கு ஐந்து வாட் போதும். ஒரு ஃபேனை நிறுத்தினால் பதினைந்து தொட்டிக்கு மூச்சு. ஆனால் இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நிற்பதற்கே கொஞ்சம் கரண்ட் தின்னும் என்பதால், இரண்டு மூன்று நாளுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். மழை விட்ட நேரத்தில் கார் அல்லது ஸ்கூட்டரின் யூஎஸ்பியில் பவர் பேங்க்கை ஏற்றிக்கொள்வது கைகொடுக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டா கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கு இன்வெர்ட்டர் பேட்டரி காணாது.

இப்போது கரண்ட் வந்த பிறகு நடப்பது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது எங்கள் தெருவில் நான்காம் நாள் ராத்திரிதான் கரண்ட் வந்தது. அதுவரை மக்கும் கையுமாக ஒரு மீனைக்கூடச் சாகவிடாமல் காப்பாற்றிவிட்டிருந்தேன். எல்லாரும் அசந்து தூங்கிய நேரம். பிளக்கில் செருகியே இருந்த கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக நிற்கும் ஃபில்டர், தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. காலையில் எழுந்தபோது வீடெல்லாம் அழுகின முட்டை நாற்றம். ஆறு ஏஞ்சல் மீனில் ஐந்து பக்கவாட்டில் கிடந்தன. நான்கு நாள் உழைப்பும் ஒரு மணி நேரத்தில் போனது. அன்று அழுதேன்.

நடந்தது இதுதான். ஃபில்டருக்குள் ஸ்பான்ஜிலும் பீங்கான் வளையத்திலும் கோடிக்கணக்கான நல்ல கிருமிகள் வாழ்கின்றன. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். அவற்றுக்கும் மூச்சு வேண்டும். மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றதும், அங்கே இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். நல்ல கிருமிகள் சாக ஆரம்பிக்கும். ஆக்சிஜன் வேண்டாத அழுகல் கிருமிகள் பெருகி, அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்கும். பம்ப் ஓடிய முதல் நிமிடத்திலேயே அந்த விஷமெல்லாம் தொட்டிக்குள் வந்து விழும். அதனால்தான் ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன்.

கரண்ட் வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும் என்று தெரிந்தால் கேனிஸ்டரைத் திறந்து, ஸ்பான்ஜையும் வளையங்களையும் ஒரு வலைப்பையில் போட்டுத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். தொட்டியில் இடமில்லையென்றால், ஓர் அகலத் தட்டில் தொட்டித் தண்ணீரை மெல்லிசாக விட்டு, ஈரம் காயாமல் காற்றாட வையுங்கள். மூடிய தண்ணீருக்குள் கிடப்பதைவிட ஈரமாகக் காற்றில் கிடந்தால் அந்தக் கிருமிகள் நீண்ட நேரம் பிழைக்கும். தொட்டியின் மேலே உட்காரும் டாப் ஃபில்டருக்கும் இதே முறைதான். தொட்டிக்குள்ளேயே நிற்கும் ஸ்பான்ஜ் ஃபில்டரை எடுக்க வேண்டாம். அதைச் சுற்றித் தண்ணீரைக் கலக்கிவிட்டால் போதும். கரண்ட் வந்ததும் டப்பாவில் தேங்கிய தண்ணீரைக் கீழே கொட்டுங்கள். ஸ்பான்ஜைக் குழாய்த் தண்ணீரில் அல்ல, ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் அலசிப் பொருத்தி, அதன் பிறகு ஓட்டுங்கள்.

இதற்குள்ளேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. அசையாத தண்ணீரில் மீன்கள் விடும் கார்பன் டை ஆக்சைடு வெளியேற வழியில்லாமல் சேரும். அதனால் தண்ணீரின் பி.ஹெச், அதாவது அமில-கார அளவு, இறங்கும். அம்மோனியாவும் கூடவே சேர்ந்துகொண்டிருக்கும், ஆனால் பி.ஹெச் ஏழு அளவில் அதில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. மற்றதெல்லாம் அம்மோனியம், அவ்வளவு தீங்கில்லாதது. பி.ஹெச் எட்டுக்கு ஏறினால் விஷப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். கரண்ட் வந்ததும் ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வைக்கிறோம், கார்பன் டை ஆக்சைடு பறந்துபோகிறது, பி.ஹெச் ஏறுகிறது, இரண்டு நாளாகச் சேர்ந்து கிடந்த அம்மோனியா விஷமாக மாறுகிறது. அந்த நேரம் பார்த்து, உப்புச் சத்தும் காரமும் அதிகமான போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு மாற்றினால் கேட்கவே வேண்டாம். உங்கள் இரண்டு கோல்டு ஃபிஷ்ஷுக்கு இதுவும் நடந்திருக்கலாம்.

அதனால் தண்ணீர் மாற்றுவதைக் கரண்ட் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். மோட்டார் ஓடாது, ஆகவே புயல் எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு குடம், இரண்டு வாளி பிடித்துத் திறந்து வையுங்கள். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் எடுக்கும் மருந்து, அதாவது கடையில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலை, மறக்காமல் விடுங்கள். போர் தண்ணீர் பூமிக்கடியிலிருந்து வரும்போது ஆக்சிஜன் குறைவாகவே வரும். வாளி மாற்றி வாளி ஊற்றி ஆறவிட வேண்டும். மாடித் தொட்டித் தண்ணீர் வெயில் நாளில் கொதித்துக் கிடக்கும். அதை நேராக ஊற்றாதீர்கள். இப்படிப் பிடித்து வைத்த தண்ணீரில் நாளுக்கு ஒரு தடவை, ஐந்தில் ஒரு பங்கு மாற்றினால் அம்மோனியா தலைதூக்காது. வெட்டவெளியில் பிடித்த மழைத் தண்ணீரைக் கொஞ்சமாகக் கலக்கலாம். கூரையில் வழிந்தது வேண்டாம், தெருவில் தேங்கியது வேண்டவே வேண்டாம்.

கரண்ட் வந்த பிறகு பத்து நாளுக்குத் தொட்டியைப் புதுத் தொட்டி மாதிரியே நடத்துங்கள். முதல் நாள் சாப்பாடு இல்லை, பிறகு வழக்கத்தில் கால்வாசி. அம்மோனியா, நைட்ரைட் கிட் வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள். நைட்ரைட் ஏறி மீன் மூச்சு வாங்கினால், லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பைக் கரைத்து மெல்ல மெல்லச் சேர்க்கலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்துக்குள் புகுவதைத் தடுக்கும்.

கரண்ட் போவது நம் ஊரில் பாதி நாள் கோடையில்தான், புயலில் அல்ல. மே மாத மத்தியானத்தில் தொட்டி 34 டிகிரி தொட்டால், தொட்டியைச் சுற்றி ஈரத் துணி போர்த்துங்கள், ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். ஃப்ரிட்ஜில் உறைந்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம், ஆனால் மொத்தமாக இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு நேர்மாறு: தொட்டியின் பக்கங்களைத் தெர்மாகோலும் கம்பளியும் போட்டுச் சுற்றுங்கள், மேல்பக்கம் மட்டும் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

விலை உயர்ந்த மீன் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வெளியூருக்கு மீன் அனுப்பும்போது பாலித்தீன் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் நிரப்பிக் கட்டுவார்கள். பட்டினி போட்ட மீன் அதில் ஒரு நாள் நிம்மதியாக இருக்கும். புயலுக்கு முன்தினம் தெரிந்த கடைக்காரரிடம் கேட்டால் பாக்கெட் போட்டுத் தருவார். பையைப் பிரித்ததும் மேலே சொன்ன பி.ஹெச் விளையாட்டு அதற்குள்ளும் நடக்கும் என்பதால், கட்டோடு கால் மணி மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்து, பிரித்த உடனே மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் உள்ளே வேண்டாம்.

உங்களிடம் இப்போது நான்கு கோல்டு ஃபிஷ் மிச்சம். புதிதாக மூன்று வாங்கி எண்ணிக்கையை ஏழாக்காதீர்கள். இரண்டடித் தொட்டிக்கு நான்கே அதிகம். தொட்டி நன்றாகத் தேறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை மணிக்குச் செவுள் வேகமாக அடிக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த நிமிடமே பம்ப்பைப் போட்டுவிடுங்கள், மேலே வந்து வாய் பிளக்க விடவேண்டாம். பிளக்கைப் பிடுங்கியதிலிருந்து அதுவரை ஆன நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே பவர் பேங்க்கும் யூஎஸ்பி பம்ப்பும் ஒரு டப்பாவில் இருக்கட்டும்.